சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 14 நாள் தண்ணீர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுகிறவர்களுக்காகத் தங்கள் நாளிதழ் ஒதுக்கும் பக்கத்தில் சிமெண்ட் பற்றிய கேள்வி வராத வாரம் குறைவு. பெரும்பாலும் ஒரே சந்தேகம்தான் வெவ்வேறு வடிவில் வருகிறது. 'பி.பி.சி. சிமெண்டில் சாம்பல் கலக்கிறார்களாமே, அது கலப்படம்தானே, தளத்துக்குப் போடலாமா?' பதில் சொல்பவர்கள், 'தாராளமாகப் போடலாம், பயம் வேண்டாம்' என்று முடித்துவிடுகிறார்கள். பதில் சரிதான், ஆனால் பாதியில் நிற்கிறது. சாம்பல் சேராத சாதாரண சிமெண்டான ஓ.பி.சி. காலத்தில் பழகிய ஏழு நாள் தண்ணீரையும், தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கும் அதே தேதியையும் வைத்துக்கொண்டு பி.பி.சி. போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுப் பதில். கான்கிரீட் பரிசோதனையே அன்றாட வேலையாக உள்ளவர்கள் என்ற முறையில் அந்த மீதிப் பாதியை எழுதுகிறோம். கடிதம் நீள்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிமெண்ட் காய்ந்து இறுகுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. சூளையில் சுட்டெடுத்துச் சிமெண்டாக அரைக்கும் கட்டிகளுக்குக் கிளிங்கர் என்று பெயர். அதில் பாதிக்கு மேல் இருப்பது ட்ரைகால்சியம் சிலிகேட். தண்ணீர் பட்டவுடன் முதலில் பாய்ந்து வினைபுரிவது அதுவல்ல, கிளிங்கரில் கொஞ்சமாக இருக்கும் அலுமினேட். அதைக் கட்டிப்போடவே ஆலையில் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். அதனால் இரண்டு மூன்று மணி நேரம் கலவை அமைதியாக இருக்கும். அந்த இடைவெளியில்தான் கொண்டு போய்க் கொட்டி, வைப்ரேட்டர் விட்டு, மட்டம் பார்த்து முடிக்கிறோம். பிறகு சிலிகேட் வேகம் பிடிக்கும், சூடு ஏறும், கான்கிரீட் இறுகும். இந்த வினையில் இரண்டு பொருள்கள் பிறக்கின்றன. ஒன்று கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்னும் பசை. வலு முழுவதும் இதில்தான் இருக்கிறது. மற்றொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நமக்குத் தெரிந்த நீற்றிய சுண்ணாம்பு. இறுகிய சிமெண்ட் பசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இந்தச் சுண்ணாம்புதான். இது வலுவுக்குப் பெரிதாக உதவாது. மெல்லக் கரைந்து வெளியேறக்கூடியது, சல்ஃபேட் உள்ள மண்ணிலும் நீரிலும் முதலில் அடிவாங்குவதும் இதுதான். ஆனால் கான்கிரீட்டின் காரத்தன்மையைத் தாங்கிப் பிடித்து, உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

சாம்பலுக்கு வேலை இந்தச் சுண்ணாம்போடுதான். அனல் மின்நிலையக் கொதிகலனில் எரிந்த நிலக்கரித் தூளின் மிச்சம் புகையோடு மேலே போகும்போது மின்னழுத்தத் தட்டுகளில் பிடிபடுகிறது. அதுதான் ஃப்ளை ஆஷ். நுண்ணோக்கியில் பார்த்தால் வழவழப்பான கண்ணாடி உருண்டைகள். இந்தக் கண்ணாடியில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து அதே வலுவான பசையை இன்னும் கொஞ்சம் உண்டாக்குகின்றன. பெரிய துளைகள் அடைபட்டு நுண்துளைகளாகின்றன, தண்ணீரும் உப்பும் உள்ளே நுழைவது குறைகிறது. இது புதிய வித்தையும் அல்ல. சுட்ட செங்கல் தூளான சுர்க்கியைச் சுண்ணாம்போடு சேர்த்துக் கட்டிய காலத்தில் நடந்ததும் இதே வினைதான். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் சாந்து சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்தது.

ஆகவே கலப்படம் என்ற சொல்லை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. ஐ.எஸ். 1489 என்ற இந்தியத் தரத்தின்படி பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை ஃப்ளை ஆஷ் இருக்கலாம். 50 கிலோ மூட்டையில் 7.5 கிலோவிலிருந்து 17.5 கிலோ வரை. அந்தச் சாம்பலும் கிடைத்ததை அள்ளிப் போட்டதாக இருக்கக் கூடாது. அதன் நுண்மை, எரியாத கரியின் அளவு, சுண்ணாம்போடு சேர்ந்து தரும் வலு எல்லாவற்றுக்கும் ஐ.எஸ். 3812 வரம்பு வைத்திருக்கிறது.

வாசகர்கள் மனதில் பதிய வேண்டியது சாம்பல் வேலை தொடங்கும் நேரம். முதல் நாளில் வேதியியல் ரீதியாக அது ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. அந்தக் கண்ணாடி கரைவதற்குத் துளைகளில் உள்ள நீர் கடும் காரமாக மாற வேண்டும், சுண்ணாம்பும் சேர வேண்டும். இரண்டையும் கிளிங்கர்தான் தர வேண்டும். முதல் வாரம் முழுக்கக் கட்டடம் நிற்பது கிளிங்கரின் பலத்தில். சாம்பலின் பங்கு கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது இரண்டாவது வாரத்தை ஒட்டி. 28-ஆம் நாளில்கூடச் சாம்பலின் பெரும்பகுதி வினைபுரியாத உருண்டைகளாகவே இருக்கும். 56-ஆம் நாள், 90-ஆம் நாள் வரை வலு ஏறிக்கொண்டே போவது இதனால்தான்.

முதல் நாளில் சாம்பல் சும்மா இருந்தாலும் அதனால் இரண்டு விளைவுகள் உண்டு. நுண்ணிய துகள்களின் மேற்பரப்பில் கிளிங்கரின் பசை படிந்து வளர இடம் கிடைக்கிறது. கிளிங்கரின் ஒவ்வொரு துகளுக்கும் பங்கிடப்படும் தண்ணீரும் இடமும் கூடுகின்றன. இதனால் இருக்கிற கிளிங்கர் இன்னும் முழுமையாக வினைபுரிகிறது. ஆனால் கிளிங்கரின் மொத்த அளவே குறைவு என்பதால் தொடக்க வலு குறைவாகத்தான் வரும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 320 கிலோ பி.பி.சி., 160 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் சிமெண்ட் விகிதம் 0.50. சாம்பல் 30 சதவீதம் என்றால் அது 96 கிலோ, மீதி 224 கிலோ. முதல் வாரத்தில் வேலை செய்யும் பொருளைக் கணக்கில் எடுத்தால் விகிதம் 0.71 ஆகிவிடுகிறது. 'கலவை கட்டியாக இருக்கிறது' என்று மேஸ்திரி கூடுதலாகப் 10 லிட்டர் ஊற்றினால் 0.76. பி.பி.சி.யில் அளவுக்கு மீறி ஊற்றும் தண்ணீர் ஓ.பி.சி.யைவிடக் கடுமையாகத் தண்டிப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். உருண்டைத் துகள்களால் பி.பி.சி. கலவை இயல்பாகவே வழுக்கலாக இருக்கும். ஆகவே குறைந்த தண்ணீரிலேயே வேலை ஓடும். மூட்டைக்கு 25 லிட்டர் என்று கணக்கிட்டால், மணலில் மேலாக ஒட்டியிருக்கும் ஈரத்தையும் அதில் கழிக்க வேண்டும். மூட்டைக்கு 80 கிலோ எம்-சாண்ட் போட்டு, அதில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் 4 லிட்டர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. ஊற்ற வேண்டியது 21 லிட்டர்தான். மழை பெய்த மறுநாள் இந்தக் கணக்கைப் பார்க்காமல் போடும் கான்கிரீட்தான் பரிசோதனையில் அதிகம் தோற்கிறது.

தரநிர்ணய எண்களும் இதையே சொல்கின்றன. 53 கிரேடு ஓ.பி.சி. 3, 7, 28 நாட்களில் சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 27, 37, 53 நியூட்டன் தாங்க வேண்டும். பி.பி.சி.க்கு அதே நாட்களில் 16, 22, 33. இவை கீழ் வரம்புகள்தாம். சந்தையில் கிடைக்கும் நல்ல பி.பி.சி. 28-ஆம் நாளில் இதைவிட வெகு மேலேயே நிற்கும். மூன்றாம் நாள், ஏழாம் நாள் வித்தியாசம் மட்டும் எந்த நிறுவனத்துச் சரக்கிலும் ஓரளவு இருக்கத்தான் செய்யும்.

அடுத்தது தண்ணீர். கான்கிரீட்டின் துளைகளில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் சிமெண்டின் வினை ஏறக்குறைய நின்றுவிடும். திருச்சியிலும் வேலூரிலும் மே மாதப் பகலில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கும் கீழே இறங்குவது வழக்கம். தளத்தின்மேல் தண்ணீர் நிறுத்தக் கட்டிய பாத்தியை ஏழாம் நாள் உடைத்துவிட்டால், தளத்தின் மேற்பரப்பில் ஓரிரு சென்டிமீட்டர் வேகமாக உலரும். ஓ.பி.சி. அதற்குள் தன் வேலையில் பெரும்பகுதியை முடித்திருக்கும். பி.பி.சி.யில் கிளிங்கரும் அப்படியே, ஆனால் சாம்பல் தொடங்கும் இடத்தில்தான் இருக்கும். அந்த நேரத்தில் தண்ணீரை நிறுத்தினால் சாம்பல் வெறும் தூளாகவே உள்ளே தங்கிவிடும். சாம்பல் கலந்ததால் வீடு கெட்டது என்று பிறகு சொல்லப்படும் புகார்களில் பெரும்பாலானவை இப்படித் தண்ணீர் நிறுத்தப்பட்ட வீடுகளிலிருந்து வருபவை.

கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 456 இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் போன்ற கனிமச் சேர்க்கை உள்ள கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள். வெப்பமும் வறட்சியும் உள்ள இடங்களில் எந்தச் சிமெண்டுக்கும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. கலப்பு சிமெண்ட் என்றால் 14 நாளாக நீட்டிப்பது நல்லது என்பது பரிந்துரை. தமிழ்நாட்டு வெயிலில் அந்தப் பரிந்துரையையே கட்டாயமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வெயில் ஒரு வகையில் நமக்குச் சாதகமும்கூட. வெப்பம் கூடினால் சாம்பலின் வினை கிளிங்கரின் வினையைவிட அதிகமாக வேகம் பிடிக்கும். குளிர்நாட்டில் மாதக் கணக்கில் ஆவது இங்கே வாரக் கணக்கில் ஆகும். ஈரம் இருந்தால் மட்டும்.

நீராற்றுவதில், அதாவது கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்திருப்பதில், எங்கே தவறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பி.பி.சி. இறுக நேரம் எடுக்கும். வெயிலும் காற்றும் உள்ள நாளில் மட்டம் பார்த்து முடித்த மேற்பரப்பின் பளபளப்பு, இறுகுவதற்கு வெகு முன்பே மறைந்துவிடும். அந்த இடைவெளியில் விழுபவைதான் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மேற்பரப்பு விரிசல்கள். விரிசல் கண்டவுடன் உலர் சிமெண்டைத் தூவித் தேய்ப்பது வழக்கமாக இருக்கிறது. அது மேலே ஒரு மெல்லிய தோலை உண்டாக்கி, பிறகு மாவாக உதிரும். செய்ய வேண்டியது எளிது. மட்டம் பார்த்த பகுதியை அப்போதைக்கப்போதே பாலிதீன் விரிப்பால் மூடிக்கொண்டே போக வேண்டும். விரிசல் வந்துவிட்டால், இறுகுவதற்குள் மரத்தட்டால் தட்டி மூடிவிட்டு உடனே விரிப்பைப் போட வேண்டும்.

பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது இறுகிய பிறகு. நகத்தால் கீறினால் தடம் பதியக் கூடாது, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்தால் சிமெண்ட் பால் கலங்கக் கூடாது. பி.பி.சி. தளத்துக்கு இது பெரும்பாலும் மறுநாள் காலையில் அமையும். அதுவரை விரிப்பு இருந்தால் போதும். நிறுத்தும் தண்ணீரின் உயரம் 25 மில்லிமீட்டர் இருந்தால் போதுமானது. 1000 சதுர அடித் தளத்துக்கு அது சுமார் 2300 லிட்டர். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 460 லிட்டருக்கு மேல் தினமும் ஈடுகட்ட வேண்டும், கசிவு தனி. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் இது பெரிய அளவு என்பது தெரியும். அங்கே பாத்திக்குப் பதில் இரட்டைச் சாக்கு விரித்து நனைத்து, மேலே பாலிதீனைப் பரப்பி, ஓரங்களில் செங்கல் வைத்து அழுத்திவிட்டால் செலவாகும் தண்ணீர் மிகவும் குறையும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஓஸ் பிடித்துவிட்டுப் போவது நீராற்றுதல் ஆகாது. நடுப்பகலில் வெள்ளை வெளேரென்று காய்ந்து, மாலையில் மறுபடி நனையும் தளம், நனைந்து காயும் ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்குகிறது. வினையும் விட்டு விட்டுத்தான் நடக்கிறது.

தளத்தையாவது பார்க்கிறார்கள். தூண்களின் நிலை பரிதாபம். பலகை பிரித்த அன்று ஒரு சாக்கைச் சுற்றுவார்கள், மூன்றாம் நாள் அது கயிற்றில் காய்ந்து தொங்கும். தூணுக்கு நான்கு பக்கமும் காற்று படுகிறது. சாக்கைக் கான்கிரீட்டோடு ஒட்டும்படி இறுக்கிச் சுற்றி, அதன்மேல் பாலிதீனைச் சுற்றி, மேல் முனையிலிருந்து தண்ணீர் உள்ளே இறங்கும்படி விட்டால் நாளுக்கு இரு முறை ஊற்றினாலே 14 நாளும் ஈரம் நிற்கும். பூச்சுவேலையிலும் இதே கதைதான். 12 மில்லிமீட்டர் பூச்சு ஒரே பகலில் உலர்ந்துவிடும். கையால் தடவினால் மணல் உதிரும் சுவரைக் கண்டவுடன் சிமெண்டைக் குறை சொல்கிறார்கள். பல நேரங்களில் பூச்சு பூசிய இரண்டாம் நாளே தண்ணீர் நின்றிருக்கும்.

நீராற்றும் தண்ணீரும் நல்லதாக இருக்க வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக் கரிக்கும் ஆழ்துளைத் தண்ணீரைக் 'கலவைக்கு வேண்டாம், மேலே ஊற்றலாம்' என்று பயன்படுத்துகிறார்கள். கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மேலே ஊற்றுவதையும் அதே தண்ணீராக வைத்துக்கொள்வதே சரி.

தண்ணீர் போதாத பி.பி.சி. கான்கிரீட்டில் வலுக் குறைவைவிட எங்களைக் கவலைப்படுத்துவது கம்பி. சாம்பல் சுண்ணாம்பைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. பதிலுக்குத் துளைகளை அடைத்துக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். மேற்பரப்பு முன்கூட்டியே உலர்ந்தால் துளைகள் திறந்தே நிற்கும், சுண்ணாம்பின் இருப்பும் குறைவு. காற்றிலுள்ள கரியமில வாயு வேகமாக உள்ளே இறங்கிக் காரத்தைத் தணிக்கும். தளத்தில் கம்பிக்கு மேல் இருப்பது 20 மில்லிமீட்டர் கான்கிரீட்தான். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்ப்பது எளிது. ஓரத்தில் புதிதாக உடைத்த பரப்பில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள இடம் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும், போய்விட்ட இடம் நிறமில்லாமல் நிற்கும். நிறமில்லாத பட்டை கம்பியைத் தொட்டுவிட்டால், ஈரம் கிடைக்கும் நாளிலிருந்து துரு தொடங்கும்.

இனி முட்டுப் பிரிப்பது. ஐ.எஸ். 456-இல் உள்ள அட்டவணையைப் பல மேஸ்திரிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 4.5 மீட்டர், அதாவது 15 அடிக்குள் உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டருக்குள் உள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். அந்த அட்டவணையின் தலைப்பிலேயே இருக்கும் நிபந்தனை மட்டும் யாருக்கும் நினைவில்லை. அந்த நாட்கள் ஓ.பி.சி.க்கு, காற்றின் வெப்பம் 15 டிகிரிக்குக் குறையாத இடத்துக்கு, ஒழுங்காக நீராற்றிய கான்கிரீட்டுக்கு. மற்ற சிமெண்டுகளுக்கும் குளிர்ந்த இடங்களுக்கும் நாட்களைத் தக்கபடி மாற்ற வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. மார்கழியில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பி.பி.சி.யால் போடும் தளத்தை ஏழாம் நாள் பிரிப்பது இரண்டு நிபந்தனைகளையும் ஒரே நேரத்தில் மீறுவதாகும்.

சமவெளியில் பி.பி.சி. தளத்துக்கு, 15 அடிக்குள் என்றால் 10 முதல் 14 நாள், பீமுக்கு 21 நாள் என்று நாங்கள் சொல்லி வருகிறோம். அதைவிட நல்லது அளந்து பார்ப்பது. கான்கிரீட் போடும் நாளில் அதே கலவையில் வார்த்து அழுத்திச் சோதிக்கும் வழக்கமான 150 மில்லிமீட்டர் கியூபுகளோடு கூடுதலாக மூன்று எடுத்து, அவற்றை ஆய்வுக்கூடத் தொட்டிக்கு அனுப்பாமல் தளத்தின் மேலேயே, தளத்துக்குக் கிடைக்கும் அதே தண்ணீரில் வைக்க வேண்டும். தொட்டியில் 27 டிகிரியில் கிடந்த கியூப் கலவையின் தகுதியைக் காட்டும். தளத்தில் கிடந்த கியூப்தான் தளம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டும். அன்றைய தேதியில் தளம் தாங்க வேண்டிய தகைவைப் (சுமையால் கான்கிரீட்டுக்குள் உண்டாகும் அழுத்தம்) போல இரண்டு மடங்கு வலு வந்த பிறகே பலகையைத் தளர்த்தலாம் என்பதுதான் விதி. பிரிக்கும்போது தளத்துக்கு நடுவிலிருந்து ஓரங்களை நோக்கியும், சன்ஷேடு போன்ற தொங்கு பகுதிகளுக்கு வெளி முனையிலிருந்து சுவரை நோக்கியும் வர வேண்டும். நாலாம் நாளே மேல்மாடிக்கான செங்கல்லைத் தளத்தின் நடுவில் அடுக்குவதை எந்தச் சிமெண்டாக இருந்தாலும் நிறுத்த வேண்டும்.

பி.எஸ்.சி. எனப்படும் ஸ்லாக் சிமெண்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இரும்பு உருக்கும் ஊதுலையில் மேலே மிதக்கும் கசடைத் தண்ணீரில் சட்டெனக் குளிர்வித்துக் கண்ணாடிக் குருணையாக்கி அரைத்தது அது. மெல்லக் குளிர்ந்த கசடு ஜல்லிக்கு ஆகுமே தவிரச் சிமெண்டுக்கு ஆகாது. இதில் சுண்ணாம்புச் சத்து இயல்பாகவே இருப்பதால், காரம் தூண்டிவிட்டால் தானாகவே இறுகும். அதனால் பி.எஸ்.சி.யில் 25 முதல் 70 சதவீதம் வரை ஸ்லாக்குக்கு அனுமதி உண்டு. 3, 7, 28 நாள் வரம்புகள் பி.பி.சி.க்கு உள்ளவையே, தண்ணீரும் அதே 14 நாள். கடலிலிருந்து வரும் குளோரைடைப் பிடித்து வைப்பதில் இது சிறந்தது. தூத்துக்குடி, இராமநாதபுரம் கடற்கரையில் கட்டுகிறவர்கள் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். சூடு மெதுவாக வருவதால் கட்டடம் முழுவதற்கும் ஒரே பலகையாகப் போடும் கனமான ராஃப்ட் அடித்தளங்களுக்கும் ஏற்றது. பலகை பிரித்தவுடன் கான்கிரீட் நீலப் பச்சையாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கசடில் உள்ள சல்ஃபைடால் வருவது அது, காற்றுப்பட்டுச் சில நாட்களில் வெளுத்துவிடும்.

எல்லாக் கனிமச் சேர்க்கைகளும் மெதுவானவை என்று எண்ணிவிடவும் கூடாது. சிலிக்கான் உலைப் புகையில் பிடிபடும் தூளான சிலிக்கா ஃப்யூம் சிமெண்டைவிடப் பல மடங்கு நுண்ணியது, முதல் சில நாட்களிலேயே வேலை செய்யும். ஆனால் தண்ணீரை உறிஞ்சும், தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் சூப்பர்பிளாஸ்டிசைசர் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. சிமெண்டில் 5 முதல் 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். களிமண்ணைச் சுமார் 700 முதல் 850 டிகிரியில் சுட்டுப் பெறும் மெட்டாகயோலினும் ஏழு நாளுக்குள் பலன் தரும். சுட்ட களிமண்ணோடு அரைத்த சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்தால் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கலாம். சுண்ணாம்புக்கல்லின் கார்பனேட் களிமண்ணின் அலுமினாவோடு வினைபுரிந்து துளைகளை நிரப்புகிறது. எல்.சி.3 எனப்படும் இந்தச் சிமெண்டில் சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.க்களும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகமும் (இ.பி.எஃப்.எல்.) சேர்ந்து உழைத்தன. 2023-இல் ஐ.எஸ். 18189 என்ற தரமும் வந்துவிட்டது. நிலக்கரிச் சாம்பலும் ஊதுலைக் கசடும் எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் கிடைத்துக்கொண்டே இருக்கப் போவதில்லை என்பதால் இது வளர வேண்டிய சரக்கு.

கட்டடப் பணியிடத்திலேயே சாம்பல் கலப்பதைத்தான் கலப்படம் என்று சொல்ல வேண்டும். 30 சதவீதம் சாம்பல் உள்ள பி.பி.சி.யில் இன்னொரு 20 சதவீதத்தைச் சாம்பலாக மாற்றினால் கலவையில் சாம்பலின் பங்கு 44 சதவீதமாகிவிடும், 35 என்ற வரம்பைத் தாண்டியாயிற்று. அந்தச் சாம்பல் பெரும்பாலும் சாம்பல் குளத்திலிருந்து அள்ளியதாக இருக்கும். கரடுமுரடான, ஈரத்தில் ஊறிய சரக்கு. பள்ளம் நிரவுவதற்கு ஆகும், தளத்துக்கு ஆகாது. கான்கிரீட்டைக் கலந்தே லாரியில் அனுப்பும் ரெடிமிக்ஸ் ஆலைகள் ஓ.பி.சி.யோடு சாம்பலோ ஸ்லாக்கோ தனியாகச் சேர்ப்பது முறையானதுதான். எடைபோட்டுச் சேர்க்கிறார்கள். வாங்குகிறவர் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஓ.பி.சி. எத்தனை கிலோ, சாம்பல் எத்தனை, ஸ்லாக் எத்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சாம்பல் சேர்ந்திருந்தால், ஆலை ஓ.பி.சி.தான் பயன்படுத்தியது என்றாலும் தண்ணீர் 14 நாள்தான். வீட்டில் ஓ.பி.சி.யையும் பி.பி.சி.யையும் பாதிப் பாதி கலப்பவர்களுக்கும் இதையே சொல்வோம். கலப்பதால் கெடுதல் இல்லை, நாட்களில் சலுகையும் இல்லை.

சாம்பல் இருக்கிறதா என்று விரலில் தேய்த்தும் நிறம் பார்த்தும் கண்டுபிடிக்க முயல வேண்டாம். எரியாத கரி கொஞ்சம் கூடினாலே நிறம் மாறும், அதைக் கொண்டு தரத்தைச் சொல்ல முடியாது. சாக்கைத் திருப்பிப் பார்த்தால் போதும். ஐ.எஸ். 269 என்றால் ஓ.பி.சி., 1489 என்றால் பி.பி.சி., 455 என்றால் ஸ்லாக், 16415 என்றால் சாம்பலும் ஸ்லாக்கும் சேர்ந்த கலப்பு சிமெண்ட். முதல் எண்ணைத் தவிர மற்ற மூன்றுக்கும் ஏழு நாள் கணக்கு செல்லாது.

இதில் தங்கள் நாளிதழும் மற்றவர்களும் செய்யக்கூடியவை சில உண்டு. கட்டுமானப் பொருள்களின் விலைப்பட்டியலில் 'சிமெண்ட்' என்று ஒரே வரியாக வருவதை ஓ.பி.சி., பி.பி.சி., பி.எஸ்.சி. என்று பிரித்து வெளியிட்டு, பக்கத்தில் நீராற்றும் நாட்களையும் அச்சிடலாம். சிமெண்ட் நிறுவனங்கள் சாக்கில் விளம்பர வாசகங்களுக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசியை ஒதுக்கி, '14 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்கவும்' என்று தமிழில் பெரிய எழுத்தில் போட வேண்டும். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் உள்ளது கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பயன்படுவதில்லை. சதுர அடிக் கணக்கில் கூலி பேசும்போது தண்ணீர் ஊற்றுவது வீட்டுக்காரர் பாடு என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விடுகிறார். சாக்கு, பாலிதீன், தண்ணீர், 14 நாளுக்கு ஓர் ஆள், முட்டுகளைக் கூடுதல் நாட்கள் வைத்திருப்பதற்கான வாடகை ஆகிய எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதி, யார் செய்வது, யார் பணம் கொடுப்பது என்று கான்கிரீட் போடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளும்படி தங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கான்கிரீட் பரிசோதனைப் பணியில் உள்ள கட்டடப் பொறியாளர்கள்,
திருச்சி.